எட்டாம் பக்கத்து முடிச்சு

ஓய்வு பெற்ற மறு மாதமே புத்தகம் போடக் கிளம்பிவிட்டேன். முப்பது வருடம் கள்ளக்குறிச்சியில் மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகமாக நானே அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

கதை இதுதான். ஆலைக்குக் கரும்பு வண்டி இழுத்து வந்த ஒரு செவலைக் காளை, கட்டியிருந்த கயிற்றை நாக்காலேயே அவிழ்த்துக்கொண்டு, கல்வராயன் மலைக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போகிறது. பார்த்துவிட்டு ஒழுங்காகத் திரும்பி வந்து நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கிறது. ஏழு வயதில் நான் சொன்ன கதை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "அந்த மாட்டுக் கதயச் சொல்லு பாப்பா" என்பார் அப்பா. நானும் அலுக்காமல் சொல்வேன்.

அதற்குப் பின்னால் இருந்த சமாச்சாரம் வேறு. அன்றைக்கு அப்பா, அண்ணன், நான் மூவரும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போயிருந்தோம். வண்டிகள் வரிசையாக நிற்கும். எடைக்கு முறை வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். பதினோரு வயது அண்ணன்தான் மாடுகளை அவிழ்த்துப் பக்கத்தில் முளைக்குச்சியில் கட்டினான். செவலை மலையில் வாங்கிய மாடு, ஓரிடத்தில் நிற்காது. கரும்புத் தோகை எட்டவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பாவமாக இருந்தது, அவிழ்த்துவிட்டேன். அப்புறம் கரும்பு கடிக்கிற மும்முரத்தில் மறந்தும் போனேன்.

எங்கள் முறை வந்தபோது வண்டி இழுக்க ஒற்றை மாடுதான் நின்றது. பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். செவலை யாருடைய மல்லாட்டைக் கொல்லையிலோ வேர்க்கடலைச் செடியை மேய்ந்து பிடிபட்டிருந்தது. அப்பா அதை மீட்டு வந்ததும் மாடு ஓட்டும் தார்க்குச்சியாலேயே அண்ணனை விளாசினார். "ஒரு முடிச்சு போடத் தெரில, நீ இன்னாடா ஆம்பள?" வாயைத் திறந்தால் எனக்கும் விழும். திறக்கவில்லை. வீடு திரும்பும்போது அண்ணன் வண்டியில் விசும்பிக்கொண்டே வந்தான். பயத்தில் நான்தான், செவலை அதோட அம்மாவைப் பார்க்கப் போயிருக்கும் என்று ஆரம்பித்தேன். அப்பா சிரித்துவிட்டார். அண்ணனும் அழுகையோடு சிரித்தான். அன்றிலிருந்து எனக்குக் கதைக்காரி என்று பெயர், அண்ணனுக்கு முடிச்சு போடத் தெரியாதவன் என்று பெயர்.

படம் வரைய உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்குப் படம் எழுதும் பெயிண்டர் ஒருவரைப் பிடித்தேன். கழுகு, தாமரைக் குளம் எல்லாம் பிரமாதமாகப் போடுவார். மாடும் நன்றாகவே வந்தது. கயிறு அவிழ்கிற படத்தில்தான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, நானும் மாடு மேச்சவன்தான். கட்டுன முடிச்ச மாடு நக்கி அவுக்காதுங்க."

"கதைதானே, சும்மா வரைங்க."

"எப்படி வரையறது? நாக்க எங்க வெக்கிறது? கை வெச்சாதான் அவுரும். யாரு கைன்னு சொல்லுங்க, வரஞ்சிடறேன்."

எழுதும்போது 'அவிழ்த்துக்கொண்டது' என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டேன். இந்த மனுஷன் தாண்ட விடவில்லை. லாரிப் பட்டறையில், டயருக்கு மேல் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடி வளையல் போட்ட சின்னக் கை" என்று சொன்னேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அண்ணனிடம் காட்டாமல் இருக்க முடியாது.

அண்ணன் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் டிராக்டர் வைத்திருக்கிறார். நான் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது டிரெய்லரில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு, மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான். அவர் மருமகள்கள் முன்னால் அதை நடித்துக் காட்டிக் கேலி செய்தவள் நான். அப்பாவைப் பாடையில் வைத்துக் கட்டியபோதுகூட, தான் போட்ட முடிச்சைப் பங்காளி ஒருவரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். அப்போதும் நான் சும்மாதான் நின்றேன்.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு கை?"

"என்னுதுதாண்ணா."

"நான் கட்டுனது நெகிழலயா?"

"இல்லண்ணா. எவ்ளோ இறுக்கம்! பல்லால கடிச்சு இழுத்துதான் அவுத்தேன்."

"அப்பா சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரே பாப்பா." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "வூட்ல டீ குடிச்சிட்டுக் கெளம்பு" என்று வைக்கோல் பக்கம் திரும்பிவிட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் போய் இதைத் திருத்துவது?

நாலு நாள் போன் இல்லை. புத்தகமே வேண்டாம் என்று முடிவுக்கு வந்திருந்தேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"அவுக்குற படம் போட்டியே, அதுக்கு முன்னாடி கட்டுற படம் போட்டியா?"

"இல்லண்ணா."

"போடச் சொல்லு."

புத்தகத்தை அச்சடிக்கக் கொடுத்திருந்தது கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஓர் அச்சகத்தில். பதினாறு பக்கத்துக்கு மேல் ஒரு பக்கம் கூடினாலும் இன்னும் நாலு பக்கம் ஏற்ற வேண்டும், அதில் மூன்று வெறுமையாக நிற்கும் என்றார் முதலாளி. எதை எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. ஸ்டுடியோவில் பட்டுப்புடவை கட்டி எடுத்த என் போட்டோவும், நான் பெரிய எழுத்தாளர் மாதிரி எழுதியிருந்த என்னைப் பற்றிய குறிப்பும் கடைசிப் பக்கத்தில் இருந்தன. அதை எடுத்துவிட்டேன். எட்டாம் பக்கம் அண்ணனுக்கு.

என்ன முடிச்சு என்று பெயிண்டர் கேட்டார். எனக்கு அவிழ்க்கத்தான் தெரியும், போடத் தெரியாது. அண்ணனே உளுந்தூர்பேட்டைக்கு வந்தார். பட்டறையில் நின்ற ஒரு லாரியின் பின்கொக்கியில் கயிற்றைச் சுற்றி, மெதுவாக, பெயிண்டர் பென்சிலில் கோடு போட்டு முடிக்கிற வரை ஒவ்வொரு சுற்றாக நிறுத்தி நிறுத்திக் கட்டினார். கடைசிச் சுற்றை இறுக்கினார். கொக்கியைப் பிடித்திருந்த என் கை என்னையறியாமல் அவர் மூன்று தரம் இழுப்பதற்காக வழி விட்டு விலகியது.

கையைத் தட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். இழுத்துப் பார்க்கவில்லை.