அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்

கந்தக வாடை அடிக்காத அம்மா என் சின்ன வயதில் ஒரே ஒரு கோடைக்குத்தான் எனக்குக் கிடைத்தாள். மற்ற நாளெல்லாம் அவள் பிசைந்து தரும் தயிர்ச்சோற்றில்கூட அந்த வாடை இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் காதுக்குப் பின்னால் அலுமினியப் பொடி மினுங்கும். அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவளுக்கு "மருந்து ரூம்" வேலை. வெடிக்குழாய்க்குள் மருந்து செலுத்துகிற அந்தச் சின்ன அறைக்கு எல்லோரையும் விட்டுவிட மாட்டார்கள்; கூலி கூடுதல், ஊரில் மதிப்பும் கூடுதல், பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பக்கத்து அறை ஒன்று ஆட்களோடு எரிந்ததைப் பார்த்தவள் அம்மா. காலையில் அந்த வாசலில் கால் வைக்கவே பயமாக இருக்கிறது என்று அப்பாவிடமும் தன் அண்ணனிடமும் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

அந்த அண்ணன்தான், என் தாய்மாமா, "பாரின் கம்பெனி"யை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். ஷூ தைக்கிற கம்பெனி. சாத்தூர் நெடுஞ்சாலையை ஒட்டி அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது, அந்த வரிசையில் எங்கள் பருத்திக்காடும் இருந்தது. நிலம் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு வேலை நிச்சயம் என்று மாமா வீடு வீடாக ஏறி இறங்கினார். அப்பாவுக்கு மனசே இல்லை. மழையை நம்பிய கரிசல்தான் என்றாலும் எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அவரை விட்டுவிட்டு மாமா அம்மாவிடம் திரும்பினார்.

"இனிமே நீ மருந்துல கை வைக்க வேண்டாந்தாயி. ஃபேனுக்கடியில உக்காந்து தைக்கலாம். அண்ணன் சொல்றேன்ல."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் காடு போனது. கம்பெனிக் கொட்டகைக்குத் தகரம் வேய்ந்ததுமே அம்மா ஆலை வேலையை விட்டுவிட்டாள். அந்தக் கோடை முழுவதும் எதிர்வீட்டுச் செல்வியக்காவின் தையல் மெஷினில் கிழிந்த பாவாடைகளைத் தைத்துத் தைத்துப் பழகினாள், இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய் மாவிளக்கு எடுத்தாள், சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று "அங்கனதான் நான் உக்காருவேன்" என்று கை நீட்டிக் காட்டினாள். அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிற அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆள் எடுக்கிற நாளில், இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள், அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? நிலம் கொடுத்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு, மருந்து ரூமில் இத்தனை வருடம் இருந்தேன், ஒரு நாளும் கை தவறியதில்லை என்று சொன்னார்கள். அம்மா இரண்டு கைகளையும் நீட்டி, நடுங்காது பாருங்கள் என்று காட்டவும் செய்தாளாம். ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுக்காத செல்வியக்கா, கூச்சப்பட்டுக்கொண்டு, வீட்டில் சும்மா இருந்தேன் என்றாள். அவளுக்கு வேலை கிடைத்தது. மருந்து ரூம்காரிகள் ஒருத்திக்கும் கிடைக்கவில்லை.

தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரம் அது. அம்மா பழைய அறைக்கே திரும்பிப் போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று வருடக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டாள்.

என் கல்யாணத்துக்கு மறுநாள், சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு மாமா நல்ல குஷியில் இருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மருந்தில் கை வைத்தவர்கள் வேண்டாம், நாளைக்கு நெஞ்சு நோவு என்று வந்து நின்றால் பொறுப்பு நம் தலையில் விழும் என்று கம்பெனிக்காரர்கள் நிலம் பேசும்போதே அவரிடம் சொல்லிவிட்டார்களாம். "அதச் சொல்லியிருந்தா ஒருத்தனும் நெலம் குடுத்திருக்க மாட்டான்ல" என்று சொல்லிச் சிரித்தார். தாம்பூலத் தட்டோடு அம்மா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எங்கிருந்தோ வந்த கம்பெனிக்கு நாங்கள் யார்? அவர்கள் மேல் எனக்கு வெறும் கோபம்தான். மாமாவை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அரசாங்கம் கொடுத்த வரிச்சலுகைகள் முடிந்ததும் கம்பெனி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. செல்வியக்கா இப்போது தீப்பெட்டி ஒட்டுகிறாள். பூட்டிய கேட்டுக்குள் எங்கள் காடு எது, அடுத்தவர் காடு எது என்று அப்பாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

போன மாதம் மாமா மறுபடி வந்தார். இன்னொரு பாரின் கம்பெனி வருகிறதாம். வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் மனையையும் கேட்கிறார்களாம். இந்தத் தடவை வேலைக்கு எழுத்திலேயே உறுதி கொடுப்பார்களாம். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, இருமல் அடங்குகிற வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ரூமுக்குப் போக நான் எம்புட்டுப் பயந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?"

மாமா பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் அம்மா "அந்த நிலத் தரகர்" என்றுதான் சொல்கிறாள்.