வரிசையாக நட்ட லீக்ஸ்

கவுன்சில் அதிகாரி பார்வையிட வந்த அன்று காலை தோட்டத்தில் நின்றது அம்மா, மாமா, நான். அப்பா நிற்கவில்லை. விசா கிடைத்தும் வர மனமில்லாமல் கொழும்பில் ஒரு லாட்ஜில் இருந்தார். விசா முடிய ஒரு மாதமே இருந்தது. மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாதவர், "அங்கை வந்து நான் என்னத்தைச் செய்யிறது?" என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்பார். அதற்காகவே அம்மா, நாங்கள் குடியேறிய லூயிஷாமில் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டொன்றை எடுத்து, "உங்களுக்குக் கொத்த நிலம் இருக்கு, வாங்கோ" என்று எழுதியிருந்தார்.

அதற்கு முன், பூசணியும் போஞ்சியும் காய்த்து முடிந்ததும் ஊரில் செய்வதையே செய்தோம். கொடியெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்து, மண்ணைப் புரட்டி, துடைத்ததுபோல் வைத்தோம். பக்கத்துத் துண்டுகளில் மண்ணை மூடிய பழைய கம்பளமும் மஞ்சளித்த கோவா இலைகளும் கிடந்தன. "சோம்பேறிச் சனம்" என்றார் அம்மா.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் துண்டு பயிரில்லாமல் கிடக்கிறதாம். சனிக்கிழமை அதிகாரி வருவாராம். அப்போதும் வெறுமையாகக் கிடந்தால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். அம்மா இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார், மறுமுறை வேறுமாதிரி வரும் என்பதுபோல.

"வடிவாக் கூட்டி வைச்சதுக்கோ பிழை பிடிக்கினம்?"

அன்றே உள்ளிப் பல் ஊன்றினோம். உறைபனியில் ஒன்றும் தலைகாட்டவில்லை. வெள்ளி பின்னேரம் மாமா சந்தையில் இரண்டு பவுண்டு பத்துப் பென்ஸ் கொடுத்து, பெரிய வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸ் சில கட்டுகள் வேரோடு வாங்கிவந்தார்.

"மாமா, இது கள்ளமில்லையோ?"

"நடுறது கள்ளமோடா? வேர் இருக்கு, மண் இருக்கு. வாயை மூடிக்கொண்டு நில்."

பொய்க்கு நட்டாலும் அம்மா சாண் இடைவெளி பார்த்தே நட்டார்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். உயரமான, வயதான மனிதர். வரிசைக்கு முன்னால் நின்றுவிட்டார். எப்போது நட்டது என்று என்னிடம் கேட்டார்.

"ஓகஸ்டில எண்டு சொல்லு" என்றார் மாமா, சிரித்த முகம் மாறாமல்.

சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் நான் சொன்ன முதல் பொய். காது சுட்டது. அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு குனிந்தார். பிடுங்கப்போகிறார் என்று அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அவரோ மண்ணிலிருந்து நீலமாக ஏதோ சின்னதொன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, தாளில் ஒரு சரி போட்டார். குளிருக்கு நல்ல பயிர் என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா ஈர மண்ணிலேயே குந்திவிட்டார்.

"ஆள் நல்லா ஏமாந்திட்டார், அக்கா" என்றார் மாமா. நானும் அப்படியே நம்பினேன். குப்பை கண்டால் பொறுக்கும் மனிதர் என்று நினைத்தேன். வளர்ந்து, படிக்கிற காலத்தில் மரக்கறிக் கடையில் வேலைக்கு நின்றபோதுதான், லீக்ஸ் கட்டுகளுக்கு நீல ரப்பர் வளையம் போடுவதைக் கண்டேன்.

விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது அப்பா வந்திறங்கினார். அவரை இங்கே வரவைக்க, விமான டிக்கெட்டையும் துண்டின் வாடகையையும் விட்டுப் பார்த்தால், எங்களுக்கு ஆன செலவு இரண்டு பவுண்டு பத்துப் பென்ஸ்.