எண்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு

என் மகள் தஞ்சாவூரில் உளவியல் படிக்கிறாள். படிப்பு முடிய ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். மனிதர்களுக்கு நன்றியுணர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், தாள்கட்டிலிருந்து எனக்கு ஒன்று, அவள் அம்மாவுக்கு ஒன்று என்று நீட்டினாள்.

பன்னிரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை நாமே நமக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். நான் வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பது வருஷமாக மற்றவர்களுக்கே மார்க் போட்டுப் போட்டுக் கை ஏங்கிப் போயிருந்தது. மளமளவென்று ஏழுகளாகப் போட்டுத் தள்ளினேன். மொத்தம் எண்பத்து நான்கு.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

“எண்பத்தி நாலா? பசங்களுக்கு அரை மார்க் போடவே அழுவீங்களே!”

“உண்மையைத்தானே போட முடியும்?”

அவள் விரல் ஐந்தாவது வாக்கியத்தில் நின்றது. ‘உதவி செய்தவரிடம் உடனே நன்றி தெரிவிப்பேன்.’

“போன குறுவையில நம்ம மோட்டார் காயில் எரிஞ்சு போச்சே. நாலு நாள் தண்ணி விட்டது யாரு?”

பக்கத்து வயல்காரர். நடவு முடிந்து பத்தே நாளான பயிர். நான் கேட்காமலேயே தன் போர்வெல் தண்ணீரை, ஒரு ஏக்கர் வரும் எங்கள் மூன்று மா நிலத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்.

“அவருகிட்ட என்ன சொன்னீங்க?”

யோசித்துப் பார்த்தேன். ‘வரப்பைச் சரியா அடைங்க, தண்ணி கசியுது’ என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

அந்த ஏழு மார்க்கை அழிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். மகள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “மாத்தக் கூடாதுப்பா. முதல்ல தோணுனதுதான் கணக்கு.”

விடையை மாற்ற முடியாது என்றால் விடை போட்ட ஆளை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். போகும் வழியில் டீக்கடை அம்மா கிளாஸை நீட்டினார். பழகிக்கொள்ளலாமே என்று, “ரொம்ப நன்றிங்க” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “ஏன் சார், பால் திரிஞ்சிருக்கா?” என்று கேட்டு, கிளாஸைப் பிடுங்கி வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

பக்கத்து வயல்காரர் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

“உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேங்க.”

அவர் மோட்டாரை நிறுத்தினார். “என்ன சார் சொன்னீங்க?”

“நன்றி. போன குறுவையில தண்ணி விட்டீங்களே, அதுக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நிலத்தை விக்கப் போறீங்களா?”

“இல்லையே.”

“பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?”

“நான் அரசாங்க உத்தியோகத்துல இருக்கேங்க. எப்படி நிக்கிறது?”

அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல காட்டினீங்களா சார்? இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு.”

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் மெயின் ரோடு வரை கூடவே வந்தார்.

சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கும்பகோணத்திலிருந்து மனைவியின் அண்ணன் போனில் கேட்டார்: “மாப்ளைக்கு என்னம்மா ஆச்சு? எங்கிட்ட ஏன் மறைச்சே?” தலைமையாசிரியர், லீவு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு சமயத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர் அல்ல அவர்.

ஏழு மணிக்குப் பக்கத்து வயல்காரரும் அவர் மனைவியும் இளநீர் குலையோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்து நின்றார்கள். நான் அப்போது ஆறாவது தோசையில் இருந்தேன்.

“சாப்பிடட்டும், சாப்பிடட்டும். முடியுறப்பவே சாப்பிட்டுக்கட்டும்” என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கு மேல் தாங்க முடியாமல் மகள் அவர்களை உட்கார வைத்து, ஆய்வு, தாள், மார்க் எல்லாவற்றையும் விளக்கினாள். பக்கத்து வயல்காரர் முழுக்கக் கேட்டார்.

“அப்ப சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையா?”

“ஒண்ணுமில்லைங்க.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. உடனே, “சரி, எனக்கும் ஒரு தாளு குடும்மா” என்றார்.

மகள் வாசிக்க வாசிக்க அவர் பதில் சொன்னார். “நன்றி தெரிவிக்கிறதா? மூஞ்சிக்கு நேரா அதை எப்படிம்மா சொல்றது? ஒண்ணு போடு.” “கெடச்சதை நெனச்சு அடிக்கடி மகிழ்றதா? அடிக்கடின்னா எப்பம்மா, வேலை இருக்குல்ல? ஒண்ணு.” அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “பொண்ணு கஷ்டப்பட்டுப் படிக்குது, கூடப் போடுங்களேன்” என்றார். அதற்காகச் சில இடங்களில் இரண்டு போட்டார். மொத்தம் பதினேழு. கிளம்பும்போது, இளநீரை வெட்டிக் கொடுக்க ஆளில்லையே என்று திரும்பி வந்து, எல்லாவற்றையும் அவரே சீவி வைத்துவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்து மகள் போன் செய்தாள். அவளுடைய பேராசிரியர் இரண்டு தாள்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். எல்லோரையும் விட அதிகம் ஒன்று, எல்லோரையும் விடக் குறைவு ஒன்று, இரண்டும் ஒரே ஊர். “இந்த ரெண்டு பேரும் கேள்வியைப் புரிஞ்சுதான் போட்டாங்களா, மறுபடி கேட்டுட்டு வான்னு சொல்லிட்டாருப்பா.”

அந்தச் சனிக்கிழமை மகள் புதுத் தாள்களோடு வந்தாள். பக்கத்து வயல்காரர் இரண்டாம் முறையும் பதினேழேதான் போட்டார். நான் தாளை வாங்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வாக்கியத்துக்கு ஐந்து போட்டேன். மனைவி பார்த்தாள்.

அடித்துவிட்டு மூன்று போட்டேன்.