அப்பா என்னை வெளியே எடுத்த ஆட்டம்

ஒரு கோச் தன் சொந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம் விளையாட விடவேண்டும்? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் தமிழ்ப் பிள்ளைகளின் காற்பந்து அணியைப் பல வருடங்களாக நடத்தியவரை எல்லோரும் 'பெரிய கோச்' என்றே அழைத்தார்கள். அவர் காலத்தில் கோடைச் சுற்றுப்போட்டியின் கோப்பை வேறு ஊருக்குப் போனதில்லை. முழங்கால் ஏலாமல் அவர் விலகியபோது, அந்த இடத்துக்கு வர ஒருவருக்கும் துணிவில்லை. அப்பா ஒப்புக்கொண்டார். அவர் தொழிற்சாலையில் சிஃப்ட் முறையில் வேலை செய்பவர். பந்தை நேராக உதைக்கக்கூடத் தெரியாது. பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வானும், ஒரு விதியும் வைத்திருந்தார். மொத்தம் பதினான்கு பேர். ஏழு பேருக்கு முதற்பாதி, மற்ற ஏழு பேருக்கு இரண்டாம் பாதி.

அந்த வருட இறுதியாட்டம் கோல்டிங் அணியோடு. முதற்பாதியில் இரண்டு கோல் அடித்தோம். இரண்டும் நான் அடித்தவை. இடைவேளையில் அப்பா வழக்கம்போல ஏழு பேரையும் வெளியே கூப்பிட்டார். என்னையும்தான்.

பெற்றோர் கொதித்துப்போனார்கள்.

"ஃபக்டரியிலை சிஃப்ட் மாத்திற மாதிரியெல்லோ பிள்ளையளை மாத்திறார்!"

"மற்றவையை மாத்தினாலும் உங்கடை மகளையாவது விடுங்கோ அண்ணை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

அப்பா முடியாது என்று தலையாட்டினார். உடனே எல்லோரும் ஓரத்தில் மடக்குக் கதிரையில் இருந்த பெரிய கோச்சைச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லுங்கோ என்று கெஞ்சினார்கள். அவர் கையிலிருந்த ரோல்ஸ் பலகாரத்தைக் கடித்தபடி, "என்னை ஏன் கேக்கிறியள்? கோச் அங்கை நிக்கிறார்" என்றார்.

அப்பா என் தோளில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். அநியாயம் என்று டேனிஷில் கத்தினேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் வராது. என் இடத்தில் இறங்கியவள் பந்து கிட்ட வந்தால் கண்ணை மூடிக்கொள்பவள். ஒரு பந்தை வயிற்றால் தடுத்துவிட்டு, தானே நம்பமுடியாமல் சிரித்தாள். நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். வான் வீடு வந்து சேரும்வரை அவள் அந்த வயிற்றுக் கதையை நாலு தரம் சொன்னாள். நான் ஒரு வாரம் அப்பாவோடு கதைக்கவில்லை.

மகள் நன்றாக விளையாடியதில் அவருக்குப் பெருமையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் பிறந்த பிறகுதான் அம்மா சொன்னார்: அடுத்த நாள் அப்பா தொழிற்சாலையில் தன் சிஃப்டில் இருந்த அத்தனை பேரிடமும், "என்ரை மகள் ரெண்டு கோல் அடிச்சவள்" என்று சொல்லித் திரிந்தாராம். தோற்றதை ஒருவரிடமும் சொல்லவில்லையாம். என்னை வெளியே கூப்பிட்டது அவருக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அதன்பின் பல வருடம் அணியை நடத்திய அப்பாவைத்தான் இன்று கிரின்ஸ்டெட்டில் பெரிய கோச் என்கிறார்கள். இந்தக் கோடையிலிருந்து அணி என் கையில். நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என் எட்டு வயது மகள் எல்லோரையும்விட நன்றாக ஓடுகிறாள், முழு ஆட்டமும் தனக்கு வேண்டும் என்கிறாள். அப்பாவிடம் கேட்டால், "நீதானே கோச்" என்று சிரிக்கிறார். பிள்ளை வளர்த்தவர்களே, இடைவேளையில் நான் அவளிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது? எழுதுங்களேன்.