தறியில் கட்டிய தூளி

அந்தக் கயிறு ஒன்றும் விசேஷமானதில்லை. கிணற்றுக் கயிறு அறுந்தபோது மிஞ்சிய துண்டு. அதன் ஒரு முனை உத்திரத்திலிருந்து தொங்கும் தூளியில் கட்டியிருக்கும். மறுமுனை தறியில், என் வீட்டுக்காரர் முன்னும் பின்னும் இழுத்து அடிக்கிற அச்சுப்பலகையில் இருக்கும். அவர் ஒரு அடி அடித்தால் தூளி ஒரு ஆட்டம் ஆடும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தோம். அவருக்குத் தறி, எனக்கு ராட்டை, தூளியை ஆட்ட யாருக்குக் கை ஒழிந்தது? அறுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் கயிற்றில் ஆடியவர்கள்தான்.

பெரியவன் என் உயிரை வாங்கினான். தறிச் சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. விழித்தாலும் அழுகை, தூங்க வைத்தாலும் அழுகை. ராட்சசன் என்று வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அடுத்துப் பிறந்த பெண்ணோ அதற்கு நேர்மாறு. எங்கள் தறியோடு பக்கத்து வீட்டுத் தறிகளும் சேர்ந்து இடித்தாலும் அசையாமல் தூங்குவாள். வாசலில் மேளம் போனால்கூட இமை துடிக்காது. "தறி வீட்டுக்குன்னே பொறந்துக்கிறா பாரு" என்று அவர் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். நானும் பெருமைப்பட்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தூங்கும் பிள்ளையைவிட வேறு என்ன வரம் வேண்டும்? தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். தொந்தரவு கொடுக்காத பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அதுதானே.

அவள் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தபோது ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. கால் மிதிக்கிற தறிக்குழியில் தண்ணீர் ஊறி, தெரு முழுக்கத் தறிகள் நின்றுவிட்டன. அமைதியான வீட்டில் பெரியவன் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினான். சின்னவள் தூங்க மறுத்தாள். தூளியில் போட்டால் வீறிட்டாள். தறிச் சத்தம் இல்லாமல் இவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நெசவு செய்கிறவர்கள் வீட்டில்தான் இப்படி ஒரு தப்புக்கணக்குப் போட முடியும். அவள் தேடியது சத்தத்தை அல்ல, அந்தக் கயிற்றின் இழுப்பை. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அந்த மழையில்தான் எதிர்வீட்டு அக்கா முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு எங்கள் தமிழ். சின்னவள் கூடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல் சிக்கு ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா, நான் கூப்புட்டுக்கினே இருக்கிறேன், கொழந்த திரும்பவே மாட்டேங்குதே?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளையாட்டு மும்முரத்துல இருக்குதுக்கா" என்றேன். அவர் விடவில்லை. பித்தளைச் சொம்பை எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டார். தூங்கிக்கொண்டிருந்த பெரியவன் அலறி எழுந்தான். சின்னவள் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய், தண்ணீர் நின்ற குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, அச்சுப்பலகையை இழுத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். குழந்தை சட்டென்று திரும்பித் தறியைப் பார்த்துச் சிரித்தாள். "கேக்குது! பாத்தியாமே, கேக்குது!" என்று அவர் கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் போன உயிர் திரும்பியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி, தறிக்கு முதுகு காட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இப்ப அடிங்கண்ணா" என்றார். அவர் அடித்தார். இன்னும் ஓங்கி அடித்தார். குழந்தை அக்காவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மண்தரை அதிர்ந்தால்தான் அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்றார்கள். முன்னாடியே தெரிந்திருந்தாலும் கேட்க வைத்திருக்க முடியாதாம். அது ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது, இத்தனை நாள் அவள் காதருகே பாடிய தாலாட்டையெல்லாம் நினைத்து அழுதேன். அவளுக்கு வார்த்தை வரவில்லை. வேண்டுமென்றால் வந்து என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். ராட்சசன் ஒரு நாளைக்கு நூறு முறை அம்மா என்று கத்துவான். ஒவ்வொரு முறையும் என் மனது அவளிடமிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஏங்கும். பிள்ளை வளர்ப்பில் நான் கற்றது ஒன்றுதான். அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமில்லை. எங்கள் பிள்ளை இருக்கிற இடமே தெரியாது என்று யாராவது பெருமை பேசினால், அதன் பின்னால் போய்க் கை தட்டிப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் செவிலிமேட்டில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அரிசி மில்லில் வேலை. அங்கே மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, அதனால் சைகை பழகியவர். நல்ல மனிதர். பேரன் பிறந்தபோது அவன் அழுகையைக் கேட்டு ஊரே கூடியது, அவளைத் தவிர. பிரசவத்துக்கு வந்தவள் திரும்பிப் போகும்போது அந்தப் பழைய கயிற்றைக் கேட்டு எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அங்கே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு முனை தூளியில், மறுமுனை அவள் கால் கட்டைவிரலில். அவன் உதைத்தால் ஓடுவாள்.

பேரன் இப்போது தூளியை விட்டு இறங்கிவிட்டான். அவள் உட்கார்ந்து வேலை செய்யும்போது கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு மறுமுனையை அவன் பக்கத்தில் போட்டுவைக்கிறாள். நான் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறேன். நேற்று அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் விளையாடிக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்து "அம்மா" என்றான். தெளிவாக, மழலை துளியும் இல்லாமல். நான் திரும்பினேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். அவள் முதுகையே சிறிது நேரம் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தான். அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

இன்று காலையிலிருந்து அவன் கயிற்றை மட்டும்தான் இழுக்கிறான்.