பக்கத்தில் ஒரு ஆள் இடம்

என் அறைக் கதவோரம் ஒரு கயிற்று உருண்டை தொங்குகிறது. தொங்காங் படகு கப்பலில் மோதாமலிருக்க நடுவில் தொங்கவிடுவது. என் வீட்டுக்காரர் தன் கையால் பின்னியது. கப்பல் ஒரு பக்கமும் படகு மறுபக்கமும் அழுத்தி அழுத்தி இரண்டு பக்கமும் சப்பையாகிவிட்டது.

பினாங்கு துறைமுகத்தில் அவருக்குத் தொங்காங் வேலை. தள்ளி நிற்கும் கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். படகு நெருங்கினால் மேலேயிருந்து வெள்ளைக்காரன் "கம் அலாங்சைட்!" என்று கத்துவானாம். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். எனக்கு அதுவும் தெரியாது. சோறு தின்றுகொண்டே விளக்குவார்.

"பக்கத்துல வான்னு மட்டும் இல்ல புள்ள. முன்னால மூக்க நீட்டக் கூடாது, பின்னால தொங்கவும் கூடாது. ஒடம்புக்கு ஒடம்பு நேரா நிக்கணும். ஆனா முட்டக் கூடாது."

தட்டில் இரண்டு கருவாட்டை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவார். நான் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுவேன்.

"பாத்தியா, கப்பலே போச்சு லா!"

கல்யாணமான வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தோம். எங்கள் வீட்டில் பெண்கள் புருஷனுக்குப் பின்னால்தான் நடப்பார்கள். நானும் தள்ளியே நடந்தேன். திரும்பிப் பார்த்தவர் கூட்டத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கூட வந்த படகுக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு.

"அண்ணி, அம்புட்டுத் தூரத்துல நின்னா மூட்டைய எப்படி எறக்குறது?"

எனக்கு முகமெல்லாம் சூடு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அலாங்சைட் வா" என்றார், மெதுவாக. போனேன். மலையடி வரைக்கும் அவர் சட்டைக் கை என் கையில் உரசிக்கொண்டே வந்தது. யார் பார்த்தார்கள், என்ன பேசினார்கள், ஒன்றும் தெரியாது.

அடுத்த தைப்பூசத்துக்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. இந்த உருண்டையை அவர் கூட்டாளிகள்தான் படகிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இந்த வருஷம் கூட்டாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் என்னைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்க்கா ஓரமாவே போற? சாக்கடையில விழப்போற. இந்தப் பக்கம் எவ்வளவு எடம் கெடக்கு!"

அப்போதுதான் பார்த்தேன். என் வலது பக்கம் சரியாக ஒரு ஆள் நடக்கிற இடம். கிளம்பியதிலிருந்து விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சரி என்று தலையாட்டினேன். நகர மனசு வரவில்லை.

இப்போது உருண்டையின் ஒரு சப்பை சுவரோடு ஒட்டியிருக்கிறது. மறு சப்பை சும்மா கிடக்கிறது. அது என் தோள் உயரத்தில்தான் தொங்குகிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் போய் நிற்பேன். நேராக, முட்டாமல்.