டோபினுக்கு ஒரு ஓட்டு

எடை பார்க்கும் மேடையில் ஏறுவதற்கு முன் சீனி முதலில் காலணியைக் கழற்றுவார். அடுத்தது இடைவார். பிறகு சாவிக்கொத்து, கைப்பேசி, பணப்பை, கடிகாரம். கடைசியாக மூக்குக்கண்ணாடியையும் கழற்றி நர்ஸ் ஷர்மினியின் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, கண்களை மூடிக்கொண்டு ஏறுவார்.

"மூணு கிலோ எட்டு ஏறியிருக்கு, அங்கிள். ரெண்டு நாள்ல இவ்ளோ தண்ணியா? தே தாரிக் குடிச்சீங்களா?"

"குடிக்கல மிஸ்ஸி. கடைப் பக்கமா போனேன். பாத்தேன். அவ்ளோதான்."

"பாத்ததுக்கே மூணு கிலோவா?"

"நல்லா பாத்துட்டேன் லா."

ஈப்போ புந்தோங் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கும் டயலிசிஸ் மையம் எங்களுடையது. செவ்வாய், வியாழன், சனி, காலை பதினொன்று முதல் மாலை மூன்று வரை எட்டுப் பேர் எட்டு நாற்காலிகளில் சாய்ந்திருப்போம். எங்கள் இரத்தம் வெளியே போய் இயந்திரத்தில் குளித்துவிட்டு வரும். மூன்றாம் நாற்காலி சீனிக்கு. நான்காவது எனக்கு. நான் கல்வி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவன். என் சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. எனக்காவது ஓய்வூதியம் உண்டு.

முழுப்பெயர் சீனிவாசன். வயது ஐம்பத்தாறு. இனிப்புநீர் நோய் முற்றி இங்கே வந்து சேர்ந்தவர். புதிதாக வரும் நோயாளி யாராவது அவருக்கு என்ன நோய் என்று கேட்டால், "பேரே சீனி. வேற என்னா நோவு வரும்?" என்பார். சிரித்து முடிப்பதற்குள், "எங்கப்பா உப்புன்னு வச்சிருந்தா பிரஷரோட போயிருக்கும்" என்று சேர்த்துக்கொள்வார். பிரஷரும் அவருக்கு உண்டு. அதை அவர் சொல்வதில்லை.

முன்பு லோரி ஓட்டினார். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும் வேலை. பனி மூட்டம் இறங்கினால் ஓரமாக நிறுத்திவிடுவாராம். மற்ற லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும். இவர் பனி விலகும்வரை ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்துத் தூங்குவார். "பதினெட்டு வருசத்துல ஒரு எக்சிடன் இல்ல சார். ஒரு தடவையும் டைமுக்குப் போனதும் இல்ல. லோரி மொதலாளி தவுக்கே எனக்குப் பேரே வச்சிருந்தாரு, பெனாக்குட்னு." பெனாக்குட் என்றால் மலாயில் பயந்தாங்கொள்ளி. அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிவது வருத்தமல்ல. டத்தோ பட்டம் வாங்கியவரின் அடக்கம்.

எங்கள் மையத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சி. அதில் என்ன ஓட வேண்டும் என்பதை, யாரும் தேர்ந்தெடுக்காமலே, சீனிதான் முடிவு செய்கிறார். 'மெரிடியன்' என்ற ஆங்கில விண்வெளித் தொடர். நாற்பது ஆண்டுகளாக விட்டு விட்டு வந்துகொண்டிருக்கிறது. ஆறு வரிசைகள், அறுநூற்றுச் சொச்சம் பாகங்கள். ஒரு கப்பல் விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும். எங்கும் போய்ச் சேராது. நாற்காலியை விட்டு அசைய முடியாத எட்டுப் பேருக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் முதலில் இதற்கு உடன்படவில்லை. தொலைக்காட்சி பார்ப்பது மூளைக்குக் கேடு என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதியவன் நான். இரண்டு முறை. ஆகவே தடித்த வரலாற்று நூல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனேன். இடக்கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை அசைக்கக்கூடாது. மிச்சமிருந்த ஒரு கையால் அறுநூறு பக்கப் புத்தகத்தைப் பிடிக்கலாம், அல்லது பக்கத்தைப் புரட்டலாம். இரண்டையும் செய்ய முடியாது. மூன்று வாரம் நாற்பத்தேழாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம் சீனியிடம் கேட்டேன்: "அந்தக் கேப்டனுக்குப் போன தடவை காயம் பட்டதே, பிறகு என்ன ஆயிற்று?"

"உக்காருங்க சார், சொல்றேன்" என்றார் சீனி. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

அன்றிலிருந்து என் ஆள் கேப்டன் வாரிக். எதற்கும் கலங்காதவர். நாற்பது ஆண்டுகள் கோப்புகளில் 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதியே காலம் தள்ளியவனுக்கு, யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் மனிதரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. இரண்டாம் நாற்காலி லிம் அன்ட்டிக்கு டெசிமல் என்ற இயந்திர மனிதன்மேல் பிரியம். அது சாப்பிடாது, குடிக்காது, யாருக்கும் செலவு வைக்காது என்பது அவர் கணக்கு. ஓய்வு பெற்ற போலீஸ்காரர் பாக் ஹாஷிமுக்கு எதிரிகளின் மகாராணியைப் பிடிக்கும். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

சீனியின் ஆள் டோபின். கப்பலுக்கு வழி குறித்துக் கொடுப்பவன். ஒல்லியான, வியர்த்த முகத்துக்காரன். ஆபத்து வந்தால் அவன் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வசனம்தான். "கித்தா பாலேக் சாஜாலா, காப்தேன்" என்று மலாயில் கீழே எழுத்து ஓடும். திரும்பிப் போயிடலாம் கேப்டன். அதைக் கேட்டால் சீனி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். இயந்திரம் எச்சரிக்கை மணி அடிக்கும். ஷர்மினி ஓடி வருவார்.

"அவனப் போய் எப்படிப் பிடிக்கிறது, சீனி?" என்று கேட்டேன்.

"அறுநூறு எபிசோட்ல உண்மைய பேசுறது அவன் ஒருத்தன்தான் சார். மத்தவங்கள்ளாம் நடிக்கிறாங்க."

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. தொடரின் நாற்பதாம் ஆண்டையொட்டி, உலகெங்குமுள்ள இரசிகர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரத்துக்கு இணையத்தில் ஓட்டுப் போடலாமாம். ஆளுக்கு ஓர் ஓட்டு. நாங்கள் அதற்கு முன் எங்களுக்குள் ஒரு தேர்தல் வைத்தோம். நான்தான் தேர்தல் அதிகாரி. பழக்க தோஷம், விதிமுறைகள்கூட எழுதினேன். கேப்டனுக்கு மூன்று, டெசிமலுக்கு இரண்டு, மகாராணிக்கு ஒன்று, கப்பல் டாக்டருக்கு ஒன்று, டோபினுக்கு ஒன்று. நான் முடிவை அறிவித்தபோது சீனி எழுந்து நிற்காத குறையாக, ஊசி இல்லாத ஒரு கையால் எங்களைக் கும்பிட்டார். "டெப்பாசிட் போச்சு. ஆனாலும் எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒரு மகராசனுக்கு நன்றி."

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் மணி நேரத்தில், மின்சாரம் போனது.

குளிர்சாதனம் நின்றது. தொலைக்காட்சி இருண்டது. பின்பக்கம் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. எங்கள் இயந்திரங்கள் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும். அதற்குள் மின்சாரம் வராவிட்டால், வெளியே குழாயில் இருக்கும் இரத்தத்தை உடம்புக்குள் திருப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கழற்ற வேண்டும். பேட்டரியும் நின்றால் பக்கத்திலுள்ள கைப்பிடியைக் கையால் சுற்ற வேண்டும். எட்டுப் பேருக்கு மூன்று நர்ஸுகள். இதெல்லாம் எங்களுக்கு முன்பே பாடமாகச் சொல்லப்பட்டதுதான். அமைதியாக இருக்க வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு.

முதலில் கத்தியது யார் என்பதை மறைத்துப் பயனில்லை.

"மிஸ்ஸி! என்னை முதலில் கழற்றுங்கள்! எனக்குப் பிரஷர் இருக்கிறது!"

எட்டுப் பேருக்கும் பிரஷர் இருந்தது. கேப்டன் வாரிக்கின் ஈப்போ கிளைத் தலைவனான நான் ஒருவன்தான் அதை எடுத்துச் சொன்னேன். அடுத்த வினாடி பக்கத்து நாற்காலியிலிருந்து சீனி என்னை மிஞ்சினார். "எனக்கு! மிஸ்ஸி, எனக்கு மொத! ஐயோ நிக்கிது பாருங்க, என் மெஷின் நிக்கிது!"

உண்மையில் நின்றுபோனது லிம் அன்ட்டியின் இயந்திரம். ஷர்மினி ஓடிப்போய்க் கைப்பிடியைப் பொருத்தி நான்கு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு, அன்ட்டியின் வலக்கையை அதில் வைத்தார். "அன்ட்டி, பூசிங். ப்ளான் ப்ளான்." எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி, ஒரு வார்த்தை பேசாமல், தன் இரத்தத்தைத் தானே மெதுவாகச் சுற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தோம்.

பதினோரு நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கூரையில் ஓடும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"சார்" என்றார் சீனி. "கேப்டன் என்னா சத்தம் போட்டாரு, கேட்டீங்களா?"

"நீங்களும்தான் கத்தினீர்கள்."

"நான் டோபின் கட்சி சார். எனக்கு லைசென்ஸ் இருக்கு."

சிரித்தோம். அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தன் கையிலிருந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டுல வெமலா ரெண்டு வருசமா கிட்னி தாரேன் தாரேன்னு நிக்கிறா சார். ரத்தம்கூட ஒரே குரூப்பு. நான் வேணாம்னுட்டேன். அவள அறுக்கறத என்னால பாக்க முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். கோயில்லகூட பேசிக்கிறாங்க, சீனிக்குப் பொண்டாட்டி மேல என்னா பாசம்னு."

"நல்லதுதானே."

"பொய் சார். எனக்குப் பயம். என்னை அறுப்பாங்கள்ள, அந்தப் பயம். அவ பேரச் சொல்லி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு எனக்கு மொதன்னு கத்துனேன் பாருங்க, அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

இந்த இடத்தில் கேப்டன் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருப்பார். நான், "தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள்" என்றேன்.

மூன்று மணிக்கு அவர் மனைவி விமலா அழைத்துப்போக வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே வருபவர். சீனி நாற்காலியை விட்டு இறங்கவில்லை. என்னிடம் சொன்னதையே, எங்கள் எல்லார் முன்னாலும், மனைவியிடம் சொன்னார். ஒரு நகைச்சுவையும் சேர்க்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குத் தெரியும்.

விமலா கேட்டுக்கொண்டே அவருடைய காலணிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"இருபத்தேழு வருசம் குடும்பம் நடத்துறேன். பல்லு புடுங்கறதுக்கே தாப்பா டவுன் வரைக்கும் ஓடுன ஆளு நீங்க." சீனியின் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "வீட்டுல நாள் பூரா டோபின் டோபின்னு உயிர வாங்குறீங்க. அந்த ஆளு திரும்பிப் போலாம்னு பொலம்பிக்கிட்டேதான் இருக்கான். ஆனா ஒவ்வொரு தடவயும் வழியப் போட்டுக் குடுக்குறான்ல? பயந்துக்கிட்டே குடுக்குறான். நீங்களும் பயந்துக்கிட்டே வாங்க. யாரு வேணாம்னா?"

அறுநூறு பாகங்கள் பார்த்த சீனிக்குத் தோன்றாத ஒன்றை, சமைத்துக்கொண்டே அரைகுறையாகக் கேட்டவர் சொல்லிவிட்டார். எனக்கும் தோன்றவில்லை. நான் விதிமுறைகள் எழுதியவன்.

அடுத்த வாரமே பரிசோதனைகள் தொடங்கின. ஐந்து மாதம் அவர்கள் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்குமாகப் பஸ்ஸில் அலைந்தார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் சீனி எனக்குத் தொலைபேசியில், "திரும்பிப் போயிடலாம் சார்" என்பார். பின்னணியில் விமலாவின் குரல், "ஏறுங்க பஸ்ல" என்று கேட்கும். எல்லாம் பொருந்திவந்தது. விமலாவின் இடது சிறுநீரகத்தை எடுத்து இவருக்கு வைப்பதென்று முடிவாயிற்று. நாளும் குறித்தார்கள். கேட்டதும் சீனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நிஜக் காய்ச்சல், நூற்றொன்று. டாக்டர் சோதித்துவிட்டு, கிருமி எதுவும் இல்லை என்றார்.

இதற்கிடையே இணையத் தேர்தலின் முடிவும் வந்தது. முதல் ஐம்பது இடங்கள். வாரிக் முதலிடம். டெசிமல் மூன்றாவது. மகாராணி ஐந்தாவது என்று தெரிந்ததும் பாக் ஹாஷிம் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிவந்தார். நாற்பத்தெட்டாம் இடத்தில் கப்பலில் வளரும் ஒரு பூனை. நாற்பத்தொன்பதாம் இடத்தில் டோபின்.

"பூனைக்குக் கீழயா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் சீனி. "பரவால்ல. லிஸ்ட்ல இருக்கான் பாருங்க சார். பூனைக்குத் தோத்தவன் ரொம்பப் பேரு இருக்கான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கேப்டனுக்குத்தான போட்டீங்க?" என்று கேட்டார்.

வாக்குப்பதிவு இரகசியமானது என்று பதில் சொன்னேன். அதற்குமேல் இங்கேயும் சொல்வதற்கில்லை.

போன சனிக்கிழமை அவர் எங்களோடு இருந்த கடைசி நாள். திங்கட்கிழமை கோலாலம்பூரில் படுக்கை, புதன்கிழமை அறுவை. அன்று விமலா விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலேயே கூட வந்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டுச் சீனியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னிக்காச்சும் முழுசா பாக்குறேன்" என்று சொல்லித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தவர், கால் மணி நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். திரையில் கப்பல் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. டோபின் தன் வசனத்தைச் சொன்னான். நான் சிரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன்.

சீனி சிரிக்கவில்லை. திரையையே அவர் பார்க்கவில்லை. ஊசி இல்லாத கையை மெல்ல நீட்டி, மனைவியின் மடியில் கிடந்த துப்பட்டாவின் நுனியை எடுத்தார். அதை அவருடைய இடது இடுப்பின்மேல் போர்த்தினார். நழுவிவிடாதபடி, அழுத்தாமல், உள்ளங்கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.